நரம்புக்கல ஆராய்ச்சிக்குப் போறது எப்பிடி? திருமலையில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் திருமலைக்காரி (திருகோணமலை), இப்ப வெளிநாட்டில ஒரு லாப்பில நரம்புக்கலங்களோட வேலை. லீவுக்கு வரேக்க கோணேசர் கோவில் வாசல்ல, மீன் சந்தையில, ரியூசன் முடிஞ்சு வாற பிள்ளையளிட்ட, பிறகு வட்ஸ்அப்பில எண்டு எல்லா இடத்திலயும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள் தான் வருது. நிண்ட நிலையில அரைகுறையா சொல்லிட்டுப் போறதை விட ஒரு இடத்தில விரிவா எழுதி வச்சா தேவைப்படுற ஆக்கள் ஆறுதலா வாசிக்கலாம். கேள்வியளை கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கிறன். முன்னுக்கு லேசானது, போகப்போக சிக்கலானது.

"பிள்ளை மூளை டொக்டராம், எனக்கு அடிக்கடி தலையிடி, ஒருக்கா பாக்கேலுமா?"

இல்லை அன்ரி, நான் வைத்தியர் இல்லை, மருந்து எழுத எனக்கு உரிமையும் இல்லை. தலையிடி விடாம இருந்தா தயவுசெய்து ஆஸ்பத்திரியில காட்டுங்க, தள்ளிப் போடாதேங்க. நியூரோலஜிஸ்ட் எண்டவர் எம்பிபிஎஸ் முடிச்சு, அதுக்கு மேல எம்டியும் நரம்பியல்ல சிறப்புப் பயிற்சியும் முடிச்ச டொக்டர். நியூரோசேர்ஜன் ஒப்பரேசன் செய்யிறவர். என்னை மாதிரி ஆக்கள் நோயாளியைப் பாக்கிறேல்ல, மூளையும் நரம்பும் எந்தக் கலங்களால ஆகியிருக்கு, அதுகள் எப்பிடி வேலை செய்யுது, ஏன் சாகுது எண்டு பாக்கிறம். பேருக்கு முன்னால கலாநிதி எண்டு வாறது பிஎச்டியால.

"நரம்புக்கலமும் ஒரு கலம் தானே, அதில வாழ்நாள் முழுக்கப் படிக்க என்ன கிடக்கு?"

கலவுடல், கரு, இழைமணி எல்லாம் மற்றக் கலங்களில இருக்கிற மாதிரி இதிலயும் இருக்கு, அது சரி. ஆனா இதின்ர உருவத்தைப் பாருங்க. முள்ளந்தண்டின்ர கீழ்ப்பகுதியில இருக்கிற ஒரு நரம்புக்கலத்தின்ர அக்சோன், அதாவது நீண்ட வால் மாதிரியான பகுதி, கால் வரைக்கும் போகுது, கிட்டத்தட்ட ஒரு மீற்றர். கலவுடல் ஒரு மில்லிமீற்றரில இருபதில ஒரு பங்கு வரும். அந்தக் கலவுடலை ஒரு ஆள் உயரத்துக்குப் பெருப்பிச்சுப் பாத்தா அக்சோன் திருமலையிலயிருந்து கந்தளாய்ப் பக்கம் வரைக்கும் நீளும். இவ்வளவு நீளத்துக்கும் தேவையான புரதங்களில பெரும்பங்கு கலவுடல்ல தான் ஆகுது, அங்கயிருந்து சுமந்துகொண்டு போகவேணும். கைனசின் எண்ட புரதம் வெளிய கொண்டு போகும், டைனீன் திரும்பக் கொண்டு வரும். வேகமான சாமான் ஒரு நாளைக்கு 400 மில்லிமீற்றர் வரைக்கும் போகும், அப்ப காலுக்குப் போய்ச் சேர ரெண்டரை நாள், மெதுவாப் போற புரதங்களுக்கு மாசக்கணக்கு. இந்தப் போக்குவரத்து எங்கயாவது மறிபட்டா தூரத்தில இருக்கிற நுனி தான் முதல்ல பாதிக்கப்படும், பல நரம்பு நோயளில கால் நுனி முதல்ல விறைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, முதிர்ந்த நரம்புக்கலம் பிரிஞ்சு பெருகாது. தோல் கலம், குருதிக் கலம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கு, ஆனா உங்கட மூளையில இருக்கிற கலங்களில பெரும்பாலானவை நீங்க பிறக்கேக்க இருந்த அதே கலங்கள், எண்பது வயசிலயும் அதுகள் தான். மனுச மூளையில கிட்டத்தட்ட 8,600 கோடி நரம்புக்கலம் எண்டு 2009ல எண்ணிச் சொன்னாங்க, அதே அளவுக்கு கிட்டத்தட்ட கிளியா எண்ட துணைக்கலங்களும் இருக்கு. இதெல்லாம் தனித்தனிக் கலம் தானா, இல்லை ஒரே வலையா எண்டதுக்கே பெரிய சண்டை நடந்தது. இத்தாலிக்காரர் கமில்லோ கொல்ஜி வெள்ளி உப்பால கலங்களுக்குக் கறுப்புச் சாயம் ஏத்துற வழியைக் கண்டுபிடிச்சார், அதே சாயத்தைப் பாவிச்சு ஸ்பெயின்காரர் ரமோன் இ கஹால் தனித்தனிக் கலம் தான் எண்டு வரைஞ்சே காட்டினார், கொல்ஜி கடைசி மட்டும் ஒத்துக்கொள்ளேல்ல. 1906ல ரெண்டு பேருக்கும் சேர்த்து நொபெல் பரிசு. கஹாலின்ர கைப்படங்களை இண்டைக்கும் லாப் சுவரில ஒட்டி வச்சிருக்கிறம், அவ்வளவு சரியா இருக்கு.

"அக்கா, ஒரு நாள்ல என்ன தான் செய்வீங்க? வெள்ளைக் கோட் போட்டு ரியூப் குலுக்குறது தானா?"

காலமை முதல் வேலை இன்கியுபேற்றரைத் திறந்து கலங்களைப் பாக்கிறது. 37 பாகை சூடு, 5 சதவீதம் காபனீரொட்சைட்டு, நல்ல ஈரம், இது மூண்டும் சரியா இருந்தா தான் அதுகள் உயிரோட இருக்கும். நாங்க வளர்க்கிறது பெரும்பாலும் எலிக் கருவின்ர ஹிப்பொகாம்பஸ் எண்ட மூளைப்பகுதியில எடுத்த கலங்கள். பிரிச்சு எடுத்து, ஒட்டுறதுக்கு ஒரு பூச்சுப் பூசின கண்ணாடித் துண்டில விட்டா, முதல்ல உருண்டையா இருக்கும், சில மணித்தியாலத்தில சின்னச் சின்ன முளை வரும், ரெண்டு நாளுக்குள்ள அந்த முளையளில ஒண்டு மட்டும் மற்றதை முந்திக்கொண்டு ஓடும், அது தான் அக்சோன். எத்தினை தரம் பாத்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. ரெண்டு மூண்டு கிழமையில அதுகள் தங்களுக்குள்ள சினாப்ஸ், அதாவது ஒரு கலம் மற்றதோட தொடுக்கிற இடம், போட்டுக் கதைக்கத் தொடங்கும். பங்கசு பிடிச்சா மூண்டு கிழமை வேலையும் போச்சு, ஏனெண்டா மேல சொன்ன மாதிரி இது பெருகிற கலம் இல்லை, திரும்ப ஆரம்பத்திலயிருந்து தான். அதால சனி ஞாயிறு எண்டு பாக்காம போய் மீடியம் (கலங்கள் வளருற ஊட்டத் திரவம்) மாத்துறதும் இருக்கு.

பிறகு பரிசோதனை. ஒரு புரதத்தில ஒளிருற சாயத்தை ஒட்டி கொன்போக்கல் மைக்ரொஸ்கோப்பில இருட்டு அறையில இருந்து படம் எடுப்பம், இல்லாட்டி கல்சியம் கூடேக்க பச்சையா மின்னுற ஒரு புரதத்தை கலத்துக்குள்ள ஆக்க வச்சு, எந்தக் கலம் எப்ப வேலை செய்யுது எண்டு நேரடியாவே பாப்பம். இன்னொண்டு பற்ச் கிளாம்ப். நுனி ஒரு மைக்றோமீற்றர் அளவில இருக்கிற கண்ணாடிக் குழாயைக் கலத்தின்ர மென்சவ்வில மெதுவா முட்ட வச்சு, வாயால சின்னதா உறிஞ்சி இறுக ஒட்டப் பண்ணினா ஒரேயொரு அயன் வாய்க்கால், அதாவது மென்சவ்வில அயன்கள் போய்வாற துளை, திறந்து மூடுறதைக்கூட அளக்கலாம். 1976ல ஜெர்மனியில எர்வின் நேயரும் பேர்ட் சாக்மனும் கொண்டு வந்த முறை, 1991ல நொபெல் கிடைச்சது. இது பழக மாசங்கள் எடுக்கும், கைப்பக்குவம் தான் எல்லாம்.

நாள்ல பாதி கொம்பியூட்டருக்கு முன்னால போகும், படங்களை அளக்கிறது, கணக்குப் பாக்கிறது, எழுதுறது. கிழமைக்கு ஒரு தரம் லாப் மீற்றிங், எல்லாருக்கும் முன்னால உங்கட டேட்டாவைப் போட்டுக் கேள்வி வாங்கவேணும்.

"கணவாயை வச்சுத்தான் நரம்பைக் கண்டுபிடிச்சாங்க எண்டு சேர் சொன்னார், உண்மையா?"

நரம்பைக் கண்டுபிடிக்கேல்ல, நரம்பில மின்சாரம் எப்பிடி ஓடுது எண்டதைக் கண்டுபிடிச்சாங்க. கணவாய்க்கு ஆபத்து வந்தா உடம்பைச் சுருக்கித் தண்ணியைப் பீச்சிக்கொண்டு பின்னால பாயும் தானே, அந்தப் பாய்ச்சல் ஒரே நேரத்தில நடக்கிறதுக்காக அதுக்கு ஒரு இராட்சத அக்சோன் இருக்கு, சிலதில ஒரு மில்லிமீற்றர் வரைக்கும் தடிப்பு, கண்ணாலயே பாக்கலாம். எங்கட அக்சோன்களில பெரும்பாலானது அதோட பாத்தா நூறில ஒரு பங்கும் வராது. 1936ல ஜே. இசட். யங் எண்டவர் இது நரம்பு தான் எண்டு காட்ட, 1939ல அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் இங்கிலாந்தில பிளிமத் கடற்கரை லாப்பில அதுக்குள்ள மின்வாயை விட்டு, துடிப்பு ஒண்டு போறதை உள்ளுக்குள்ளயிருந்தே அளந்தாங்க. அந்த நேரம் பாத்து யுத்தம் வந்திட்டுது. வேலையை விட்டிட்டு ரேடார் அது இது எண்டு போய், யுத்தம் முடிஞ்ச பிறகு திரும்ப வந்து தொடர்ந்து, 1952ல கட்டுரையளா வெளியிட்டாங்க.

விசயம் இது தான்: ஓய்வில இருக்கிற நரம்புக்கலத்துக்கு உள்பக்கம் வெளிப்பக்கத்தை விட ஏறக்குறைய 70 மில்லிவோல்ற்று குறைவு. தூண்டினா சோடியம் வாய்க்கால் திறந்து சோடியம் உள்ள பாயும், உடன பொற்றாசியம் வாய்க்கால் திறந்து பொற்றாசியம் வெளிய போகும், ஒண்டு ரெண்டு மில்லிசெக்கனில எல்லாம் பழைய நிலைக்கு வந்திடும். அந்தத் துடிப்பு அக்சோன் வழிய ஓடும். 1963ல நொபெல். சந்தையில நாங்க கிலோக்கணக்கில வாங்கிக் கறி வைக்கிற ஒரு உயிரிட்டயிருந்து இது வந்தது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுங்க, பாடம் மனசில நிக்கும்.

"ஏ/எல்ல பயோ தான் எடுக்கவேணுமா? மெத்ஸ் எடுத்தா வரேலாதா?"

கலங்களைக் கையால வளர்த்துப் பாக்கிற வேலைக்கு பயோ தான் நேர் வழி, அதில கெமிஸ்ற்றியை உயிரா நினைச்சுப் படியுங்க, லாப்பில நாள் முழுக்க செறிவுக் கணக்கும் பிஎச்சும் தான். ஆனா மெத்ஸ் பிள்ளையளுக்கும் பெரிய கதவு திறந்து கிடக்கு. ஹொட்ஜ்கின் ஹக்ஸ்லி வேலையின்ர மறுபாதி முழுக்க வகையீட்டுச் சமன்பாடு. அந்த நேரம் கேம்பிரிட்ஜ் கொம்பியூட்டர் வேலை செய்யாம நிண்டதால, ஹக்ஸ்லி கையால சுத்துற கணிப்பான் மெசினில கிழமைக்கணக்கா இருந்து அந்தத் துடிப்பின்ர உருவத்தைக் கணக்குப் போட்டு எடுத்தவர். இண்டைக்கு அதே கணக்கை ஒரு பழைய லப்டொப் கண்ணிமைக்கிற நேரத்தில செய்யும். பௌதிகம், கொம்பியூட்டர் சயன்ஸ், எஞ்சினியரிங் படிச்சு வந்த கனபேர் எங்கட துறையில இருக்கினம்.

"மெடிசின் கிடைக்கேல்ல அக்கா. பிஎஸ்ஸிக்குப் போறதெண்டா தோத்துப்போன மாதிரி எண்டு வீட்டில சொல்லினம்"

வீட்டுக்காரருக்கு இதை வாசிச்சுக் காட்டுங்க. மேல பேர் சொன்ன யங், ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி, நேயர் நாலு பேரும் மருத்துவப் பட்டம் எடுத்த ஆக்கள் இல்லை. ஒரு நோய்க்கு மருந்து வாறதுக்கு முதல் அந்த நோயில கலத்துக்குள்ள என்ன பிழைக்குது எண்டு ஆரோ இருந்து கண்டுபிடிக்கவேணும், அதைச் செய்யிறவங்களில பெரும்பங்கு பிஎஸ்ஸி வழி வந்தவங்க. இசட் ஸ்கோர் மயிரிழையில தவறினதால ஒரு பிள்ளை மூண்டாந்தரமும் சோதினை எடுத்து மனசு உடைஞ்சு போறதை நான் ஒவ்வொரு வருசமும் பாக்கிறன், எனக்கு அது பெரிய வேதனை. டொக்டரா வரவேணும் எண்டு உண்மையா ஆசை இருந்தா திரும்ப எடுங்க, ஆனா ஊர் என்ன சொல்லும் எண்டதுக்காக எடுக்காதேங்க.

மறுபக்கமும் சொல்லவேணும். மெடிசின் கிடைச்ச பிள்ளையும் ஆராய்ச்சிக்கு வரலாம், எம்பிபிஎஸ் முடிச்சிட்டு பிஎச்டி செய்யிற ஆக்கள் இருக்கினம்.

"இலங்கையில எங்க படிக்கலாம்? திருமலையிலயே படிக்கேலாதா?"

பட்டத்தின்ர பேரில நியூரோசயன்ஸ் எண்டு தேடாதேங்க. இளமாணியில உயிர்இரசாயனம், மூலக்கூற்று உயிரியல், விலங்கியல், இதில ஏதாவது ஒண்டு நல்லாப் படிச்சா போதும். பேராதனையில மூலக்கூற்று உயிரியலும் உயிர்த்தொழில்நுட்பமும் இருக்கு, கொழும்பிலயும் உயிர்இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் இருக்கு, யாழ்ப்பாணத்திலயும் வந்தாறுமூலையில கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும் விஞ்ஞான பீடம் இருக்கு. எங்கட கோணேசபுரி வளாகத்தில கொம்பியூட்டர் சயன்ஸ், சித்த மருத்துவம், தொடர்பாடல் மாதிரிப் பாடங்கள் தான், கல உயிரியல் பட்டம் இல்லை, ஆனா கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளை மெத்ஸ் கேள்வியில சொன்ன வழியால வரலாம்.

எந்தக் கம்பஸ் எண்டதை விட நாலாம் வருச ஆராய்ச்சித் திட்டம் முக்கியம். நாலு வருச ஸ்பெஷல் டிகிரி (இப்ப ஒனேர்ஸ் எண்டுவினம்) செய்யுங்க, மூண்டு வருசத்தோட நிப்பாட்டாதேங்க, வெளிநாட்டில நாலு வருசப் பட்டத்தைத் தான் கன இடத்தில கேப்பினம். முதுமாணிக்கு கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ர உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகம் நல்ல இடம். இந்தியாவில பெங்களூரில இந்திய விஞ்ஞானக் கழகமும் தேசிய உயிரியல் ஆய்வு மையமும், டெல்லிக்குப் பக்கத்தில மானேசரில தேசிய மூளை ஆராய்ச்சி மையமும், சென்னை ஐஐடியில 2022ல தொடங்கின மூளை மையமும் இருக்கு. இலங்கைப் பிள்ளையளுக்கு இந்திய அரசாங்கத்தின்ர ஐசிசிஆர் ஸ்கொலர்ஷிப்பும் உண்டு.

"எத்தினை வருசம் எடுக்கும்?"

இளமாணி நாலு, பிஎச்டி அமெரிக்காவில அஞ்சு ஆறு, ஐரோப்பாவில முதுமாணி ரெண்டும் பிஎச்டி மூண்டு நாலும். அதுக்குப் பிறகு போஸ்ட்டொக், அதாவது பிஎச்டி முடிச்ச ஆள் ஒரு லாப்பில ஒப்பந்தத்தில செய்யிற ஆராய்ச்சி வேலை. முப்பது வயசு தாண்டும் எண்டு நினைச்சுக்கொண்டு வாங்க. ஆனா பிஎச்டி தொடங்கினதிலயிருந்து கையில சம்பளம் வரும்.

"பிஎச்டிக்கு எத்தினை லட்சம் கட்டவேணும்? காணி விக்கவேணுமா தங்கச்சி?"

விக்காதேங்க ஐயா. உயிரியல்ல நல்ல பிஎச்டி எண்டா அவங்க தான் உங்கட பிள்ளைக்குக் காசு தரவேணும், பிள்ளை கட்டுறதில்லை. அமெரிக்காவில நியூரோசயன்ஸ் பிஎச்டிக்கு எடுத்தா கல்விக்கட்டணத்தையும் அவங்களே பாத்து மாசாமாசம் உதவித்தொகையும் குடுப்பாங்க. ஜெர்மனியில வேலை ஒப்பந்தம் போட்டு சம்பளம். ஜப்பான்ல அரசாங்கத்தின்ர மெக்ஸ்ட் ஸ்கொலர்ஷிப் இருக்கு, ஒக்கினாவாவில இருக்கிற விஞ்ஞானத் தொழில்நுட்பப் பட்டதாரிப் பல்கலைக்கழகம் இங்கிலிஷில நடக்குது, எடுக்கிற எல்லா மாணவருக்கும் உதவித்தொகை குடுக்குது. பிரிட்டனுக்கு கொமன்வெல்த் ஸ்கொலர்ஷிப். காசு கட்டினா இடம் எண்டு ஒரு ஏஜென்ற் சொன்னா அந்த இடத்தை விட்டு எழும்பி வந்திடுங்க.

செலவு வாறது முதுமாணிக்கும் விண்ணப்பத்துக்கும் தான். ஜெர்மனியில பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில படிப்புக் கட்டணம் இல்லை எண்டு சொல்லுவினம், சரி, ஆனா ஸ்கொலர்ஷிப் இல்லாம போற மாணவருக்கு விசாவுக்கு முடக்கு கணக்கில (மாசாமாசம் ஒரு அளவு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காசு காட்டச் சொல்லுவாங்க, 2024 செப்டம்பரிலயிருந்து அது வருசத்துக்கு 11,904 யூரோ. அமெரிக்க விண்ணப்பத்துக்கு ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிக் கட்டணம், ஆனா கஷ்டம் எண்டு காரணம் எழுதிக் கேட்டா கன இடத்தில தள்ளுபடி செய்வாங்க. கேக்க வெக்கப்படாதேங்க. முடிவுத் திகதி அனேகமா டிசெம்பர் மாசத் தொடக்கத்தில வரும், அதால ஓகஸ்ட்லயே பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியர்மாரிட்டச் சொல்லி வையுங்க.

"நான் தமிழ் மீடியம், இங்கிலிஷ் கதைக்கவே பயம்"

கம்பஸில விஞ்ஞானம் இங்கிலிஷில தான், முதல் ஆறு மாசம் அழுகை வரும், பிறகு பழகும். எங்கட லாப்பில இருக்கிற ஆக்களில பாதிப் பேருக்கு மேல இங்கிலிஷ் தாய்மொழி இல்லை, பிழையா கதைச்சே எல்லாரும் வேலை செய்யிறம். நான் சொல்லுற ஒரு பயிற்சி: ஒரு ஆய்வுக்கட்டுரையை எடுத்து எழுத்தை விட்டிட்டு படங்களை மட்டும் பாருங்க, ஒவ்வொரு படத்திலயும் அச்சில என்ன, எதோட எதை ஒப்பிட்டிருக்கு எண்டு தமிழிலயே எழுதுங்க. பிறகு எழுத்தை வாசியுங்க. தமிழில விளங்கினது இங்கிலிஷில வரும், இங்கிலிஷில பாடமாக்கினது ஒண்டுலயும் வராது.

"ரிசல்ட்ஸ் வரும்வரைக்கும் சும்மா இருக்கிறன், இப்ப என்ன செய்யலாம்?"

பைதன் எண்ட கொம்பியூட்டர் மொழியைப் பழகுங்க. ஃபீஜி எண்ட படம் அளக்கிற மென்பொருள் இலவசம், நாங்க லாப்பில பாவிக்கிறதும் அதே தான், அதில மாதிரிப் படங்களும் இருக்கு, கலங்களை எண்ணிப் பழகுங்க. நியூரோன் எண்ட பேரில ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதில ஒரு நரம்புக்கலத்தைக் கட்டித் தூண்டிப் பாக்கலாம். அமெரிக்காவில அலன் நிறுவகம் தன்ர மூளைத் தரவை எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கு. டேட்டா காட் போட ஏலாத பிள்ளையள் ஒரு தரம் தரவிறக்கி வச்சு ஒஃப்லைன்ல செய்யலாம்.

"நாங்க சைவம் அக்கா. எலியைக் கொல்லவேணும் எண்டா என்னால ஏலாது"

இதைக் கேட்ட பிள்ளைக்கு நல்ல மனசு, அதை இழக்கவேண்டாம். உண்மையைச் சொல்லுறன்: அந்த ஹிப்பொகாம்பஸ் கலங்கள் வேணுமெண்டா ஒரு தாய் எலியும் குட்டியளும் உயிர் விடுது. ஒவ்வொரு தரமும் அது எனக்குத் தெரியும். ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின்ர அனுமதி இல்லாம ஒரு எலியையும் தொடேலாது, எத்தினை வேணும், ஏன் வேணும், வேற வழி இல்லையா எண்டு எழுதிக் குடுக்கவேணும். மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை எண்ட மூண்டு விதியும் 1959ல ரசலும் பேர்ச்சும் எழுதினது, இண்டைக்கும் அது தான் அடிப்படை.

தொடாமலே இந்தத் துறையில இருக்கலாம். 2006ல ஷின்யா யமனக்கா எலியின்ர சாதாரண கலத்தை, வேற எந்த வகைக் கலமாவும் வளரக்கூடிய குருத்துக்கலமா மாத்திக் காட்டினார், அடுத்த வருசம் மனுசக் கலத்திலயும் செய்தாங்க, 2012ல நொபெல். இப்ப ஒரு நோயாளியின்ர தோலில இல்லாட்டி இரத்தத்தில கொஞ்சம் எடுத்து அதிலயிருந்து நரம்புக்கலம் வளர்க்கலாம். எலி தேவையில்லை, நோய் உள்ள அதே மனுசரின்ர கலம். பழ ஈயில, 302 நரம்புக்கலம் மட்டும் உள்ள ஒரு சின்னப் புழுவில, முழுக்க கொம்பியூட்டரில எண்டு வேலை செய்யிற லாப்பும் கனக்க. சேரேக்கயே சுப்பவைசரிட்ட வெளிப்படையா சொல்லிடுங்க, நல்ல சுப்பவைசர் மதிப்பார்.

"பொம்பிளைப் பிள்ளையை இவ்வளவு காலம் வெளிய விடலாமா? கலியாணம் கட்டுறது எப்ப?"

அம்மாமாருக்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுறன். ரீட்டா லெவி மொன்ரல்சினி, இத்தாலியில 1909ல பிறந்தவ, யூத இனம். 1938ல வந்த இனச் சட்டத்தால பல்கலைக்கழகத்தில இருந்து வெளிய விட்டாங்க. அவ தன்ர படுக்கையறையில ஒரு லாப் போட்டு, தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழி முட்டைக் கருவில நரம்பு எப்பிடி வளருது எண்டு பாத்தவ. குண்டு விழத் தொடங்க நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்து அங்கயும் முட்டை தேடித் திரிஞ்சு வேலையை விடேல்ல. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கா போய், நரம்பு வளர்ச்சிக் காரணி எண்ட புரதத்தைக் கண்டுபிடிச்சு 1986ல நொபெல் எடுத்தவ, 103 வயசு வரைக்கும் இருந்தவ. இடம்பெயர்வு எண்டா என்னெண்டு தெரிஞ்ச எங்கட ஊர்ப் பொம்பிளையளுக்கு இந்தக் கதை வேற மாதிரி விளங்கும்.

கலியாணம் பற்றி: பிஎச்டி செய்யேக்க கட்டினவங்களும் இருக்கினம், பிள்ளை பெத்தவங்களும் இருக்கினம், பல நாடுகளில பிரசவ லீவு உண்டு. கஷ்டம் வாறது போஸ்ட்டொக் காலத்தில, ரெண்டு பேருக்கும் ஒரே ஊரில வேலை கிடைக்கிறது லேசில்லை. இதை மாப்பிள்ளை வீட்டோட முதலே கதைச்சு வையுங்க. பிறகு பாப்பம் எண்டு விட்டா பொம்பிளையின்ர வேலை தான் விடுபடும், இது நான் கண்ணால காணுறது.

"முடிச்சா வேலை நிச்சயமா?"

பேராசிரியர் வேலை நிச்சயம் இல்லை. பிஎச்டி முடிக்கிறவங்களில சின்னப் பங்கு தான் சொந்த லாப் வைக்கிற நிலைக்கு வரும். போஸ்ட்டொக் எல்லாம் ரெண்டு வருசம் மூண்டு வருசம் எண்டு ஒப்பந்தம், பிறகு நாடு மாறவேணும். இதை மறைச்சு உங்களைக் கூப்பிட எனக்கு மனம் இல்லை.

ஆனா கையில கிடைக்கிற திறமைக்கு வெளிய தேவை இருக்கு. மருந்துக் கொம்பனியளில கலப் பரிசோதனை, மைக்ரொஸ்கோப் நிலையங்களில நிபுணர் வேலை, தரவு ஆய்வு, மருத்துவ எழுத்து, மருந்து ஒழுங்குமுறை எண்டு கன வழி. இலங்கையில பெரும்பாலும் பல்கலைக்கழக விரிவுரையாளர். பிஎச்டி ரெண்டாம் வருசத்திலயே இந்தப் பக்கங்களையும் எட்டிப் பாருங்க, கடைசி வருசத்தில பதறாதேங்க.

"ஏஐ வந்திட்டுது, இனி ஆள் தேவைப்படுமா?"

2024ல ஒரு பழ ஈயின்ர முழு மூளைக்கும் வரைபடம் வந்தது, 139,255 நரம்புக்கலம், அஞ்சு கோடிக்கு மேல சினாப்ஸ். இலத்திரன் மைக்ரொஸ்கோப் படங்களில ஒவ்வொரு கலத்தையும் பிரிச்சது ஏஐ தான், அது இல்லாம ஏலாது. ஆனா அது விட்ட பிழையளைத் திருத்தினது மனுசர், வருசக்கணக்கா. அந்தப் படம் எந்தக் கலம் எதோட தொடுத்திருக்கு எண்டு சொல்லுது, அந்தக் கலத்துக்குள்ள கைனசின் ஏன் நிண்டுபோச்சு எண்டு சொல்லாது. என்ன கேள்வி கேக்கிறது எண்டது ஆளின்ர வேலை. ஏஐ பழகாம வாறவங்க பின்தங்குவினம், அதுவும் உண்மை, அதால தான் பைதன் எண்டு சொன்னன்.

"ஆராய்ச்சியில படத்தை மாத்திப் பொய் போடுறாங்களாமே, எதை நம்புறது?"

நடக்குது. அல்சைமர் நோய் பற்றி 2006ல பெரிய சஞ்சிகையில வந்து ஆயிரக்கணக்கான ஆக்கள் மேற்கோள் காட்டின ஒரு கட்டுரை, படங்களில கை வச்சிருக்கு எண்டு 2024ல திரும்பப் பெறப்பட்டது. அதோட அல்சைமர் ஆராய்ச்சி முழுக்கப் பொய் எண்டு ஆகாது, அமிலொயிட் எண்ட புரதம் சம்பந்தப்பட்டிருக்கு எண்டதுக்கு பரம்பரை அலகில இருந்தே தனியான ஆதாரம் இருக்கு. ஆனா பதினெட்டு வருசம் போனது போனது தான், எத்தினையோ பிள்ளையளின்ர பிஎச்டி அந்தப் பாதையில கரைஞ்சிருக்கும்.

அதால சேருற லாப்பைப் பாத்துச் சேருங்க. திருத்தாத மூல டேட்டாவை எல்லாரும் பாக்கக்கூடிய மாதிரி வைக்கினமா, எதிர்பார்த்தது வராட்டி சுப்பவைசர் என்ன சொல்லுறார், போன மாணவர் அவரைப் பற்றி என்ன சொல்லுகினம் எண்டு தனியாக் கேளுங்க. இந்த விசாரிப்பை லாப்பின்ர பேர் புகழை விட மேல வையுங்க.

"தம்பிக்கு முள்ளந்தண்டில அடிபட்டு கால் இயங்காது. நீங்க நரம்பு வளர்க்கிறீங்க தானே, ஏதாவது வழி இருக்கா?"

இந்தக் கேள்வி தான் எனக்கு எழுதவே கஷ்டமானது. எங்கட மாவட்டத்தில இதைக் கேக்கிற வீடுகள் கொஞ்சமில்லை. கையில காலில இருக்கிற வெளி நரம்பு அறுந்தா, வைத்தியர் சரியாப் பொருத்தினா திரும்ப வளரும், ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர். முழங்கையில அறுந்தது விரல் நுனிக்கு வர ஒரு வருசத்துக்கு மேல எடுக்கும், அதால பொறுமையா பயிற்சியை விடாம செய்யவேணும். ஆனா மூளையும், முள்ளந்தண்டுக்குள்ள ஓடுற முண்ணாணும் அப்பிடி வளராது. அங்க காயத்தில தழும்பு உண்டாகி மறிக்குது, மயலின் எண்டு அக்சோனைச் சுத்தியிருக்கிற கொழுப்பு உறையில இருக்கிற புரதங்களும் வளராதே எண்டு தடுக்குது. 1981ல கனடாவில சாம் டேவிட், அல்பேர்ட் அகுவாயோ எண்ட ரெண்டு பேர் எலியில வெளி நரம்புத் துண்டு ஒண்டைப் பாலமா வச்சு, முண்ணாண் அக்சோனும் அதுக்குள்ள வளரும் எண்டு காட்டினாங்க. அப்ப கலத்துக்கு வலு இருக்கு, சூழல் தான் விடேல்ல. அந்த நாளிலயிருந்து ஆராய்ச்சி நடக்குது, ஆனா அறுந்த முண்ணாணைப் பழையபடி ஆக்கிற மருந்து இண்டைக்கு இல்லை.

வெளிநாட்டில குருத்துக்கல ஊசி போட்டு நடக்க வைக்கிறம் எண்டு லட்சக்கணக்கில கேக்கிற இடங்கள் இருக்கு. நிரூபிக்கப்படாத அந்தச் சிகிச்சைக்கு நகையை வித்துப் போகாதேங்க, கெதியா தொற்று வரலாம், கட்டியும் வரலாம். அந்தக் காசை பிசியோதெரப்பிக்கும் படுக்கைப்புண் வராம பாக்கிறதுக்கும் நல்ல சக்கர நாற்காலிக்கும் போடுங்க. பார்க்கின்சன் நோய் பற்றிக் கேக்கிறவங்களுக்கும் இதே மாதிரித்தான்: லெவொடோபா மருந்து மூளையில குறைஞ்சுபோன டோபமின் எண்ட இரசாயனத்தை ஈடுசெய்யும், நடக்க உதவும், கலம் சாகிறதை நிப்பாட்டாது. வைத்தியர் சொன்னபடி நேரத்துக்குக் குடுங்க.

"படிச்சிட்டு அங்கயே நிண்டிடுவீங்க. இதால எங்கட ஊருக்கு என்ன?"

கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. ஊருக்குப் பொருத்தமான கேள்விகளும் இந்தத் துறையில தாராளமா இருக்கு. பேத்தை மீனில இருக்கிற நஞ்சு, மேல கணவாய்க் கேள்வியில சொன்ன சோடியம் வாய்க்காலைத் தான் அடைக்குது, அதால தான் திண்ட ஆளுக்கு வாய் விறைச்சு மூச்சு நிக்குது. கட்டுவிரியன் கடிச்சா நரம்பு தசையைத் தொடுற இடத்தில நரம்பு முனையே சிதையுது, முனை சிதைஞ்ச பிறகு விசமுறிப்பு மருந்து குடுத்தாலும் உடன கை கால் வராது, கலம் தன்ர முனையைத் திரும்பக் கட்டும்வரைக்கும் மெசினில மூச்சுக் குடுத்து வச்சிருக்கவேணும். வடமத்திய மாகாணத்தில இதை நோயாளரிட்ட அளந்து நல்ல ஆய்வுகள் வந்திருக்கு. வயலும் கடலும் உள்ள எங்கட மாவட்டத்தில அதைச் செய்யக்கூடாதெண்டு இல்லை.

தடை எங்க இருக்கு எண்டு சொல்லுறன். கலம் வளர்க்கிற லாப்புக்கு கரண்ட் நிக்கேலாது. 2022 மார்ச் கடைசியில நாட்டில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்க, அப்பிடி நடந்தா இன்கியுபேற்றரும் மைனஸ் 80 பாகை பிறீசரும் நிண்டு வருசக்கணக்கான மாதிரிகள் போகும். எதிருடல், மீடியம் எல்லாம் குளிரில இறக்கவேணும், கஸ்ரம்ஸில நாலு நாள் கிடந்தா பழுது. அதால தொடங்கிறதெண்டா நான் இந்த ஒழுங்கில தொடங்குவன்: முதல்ல தரவு ஆய்வும் கொம்பியூட்டர் மாதிரியும், அதுக்கு பிள்ளையளும் லப்டொப்பும் போதும், வெளிநாட்டு லாப் டேட்டாவில இங்கயிருந்தே வேலை செய்யலாம். அடுத்தது ஆஸ்பத்திரியோட சேர்ந்து நரம்பு மின்னோட்டம் அளக்கிறது, அந்த மெசின் ஒரு மேசையில வைக்கலாம். கலம் வளர்க்கிறது மூண்டாவது, சோலரும் ஜெனரேற்றரும் மாத்தி மாத்தி ஓடுற கட்டடம் ஒண்டு கிடைச்ச பிறகு. முதல் படிக்கு விருப்பமுள்ள பயோ, மெத்ஸ் பிள்ளையள் சேர்ந்தா, நேர வித்தியாசம் பாத்து ஞாயிறு பின்னேரத்தில ஸூமில தமிழிலயே படிப்பிக்க நான் ரெடி.